பாவ அறிக்கை நேரத்துச் சிரிப்பு

பூட்டியிருக்கு தம்பி. ஆட்டாதீங்க, ஆட்டினா திறந்துடாது. ஞாயித்துக்கிழமைன்னா பத்து மணிக்கு மேலதான் பார்க் திறப்பாங்க. மத்த நாள்ல விடியக்காலையிலயே திறந்து கிடக்கும், ஞாயிறு மட்டும் இப்படி. ஏன்னு கேக்குறீங்களா? அதை என்னைத்தான் கேக்கணும். அந்தப் பூட்டைப் போட வெச்சவனே நான்தான். இப்போ அதை எடுக்கச் சொல்லி ஆபீஸ் ஆபீஸா அலையறவனும் நான்தான்.

வாங்க, இப்படிக் கோயில் படியில உக்காருங்க. இங்க வெயில் வர இன்னும் நேரமிருக்கு. முதல் ஆராதனை முடிஞ்சிடுச்சு, ரெண்டாவது ஆராதனைக்கு ஜனங்க இனிமேதான் வரணும். அதுவரைக்கும் எனக்கும் வேலையில்ல. கேமராவை மடியில வெச்சுக்கோங்க. காக்கா ஜாஸ்தி இங்க.

கோயில்னதும் பாக்குறீங்க. நாங்க சர்ச்சுன்னு சொல்ல மாட்டோம், கோயில்னுதான் சொல்லுவோம், போதகரை ஐயர்னு சொல்லுவோம். பழைய பழக்கம். என் பேரு சற்குணம். ரயில்வேல கணக்குப் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனேன், ஆனதுலேர்ந்து இந்தக் கோயிலுக்குச் செக்ரட்டரி. யாரும் கேட்டு வாங்கிக்கிற பதவி இல்ல தம்பி. பல்பு ஃபியூஸ் ஆனாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் முகம் குடுத்துப் பேசலைன்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க.

நீங்க படம் எடுக்க வந்தது இந்தக் கூர்முனை வளைவையும் கலர் கண்ணாடியையும்தானே? எல்லாரும் அதுக்குத்தான் வராங்க. பெல்லாமின்னு ஒரு துரை, ரயில்வே இன்ஜினியர். சீமையில அவர் ஊர்க் கோயில் எப்படி இருந்துதோ அப்படியே இங்கேயும் கட்டிட்டார். மிச்சமிருந்த இடத்துல தோட்டம் போட்டார். அப்போ ரெண்டும் ஒரே வளாகம். பின்னால தோட்டத்தை ஊர் ஜனங்களுக்குன்னு குடுத்துட்டார், நடுவுல மதில் வந்துது, மதில்ல ஒரு சின்னக் கதவு மட்டும் விட்டாங்க. அதோ தெரியுது பாருங்க, பாசி பிடிச்ச கதவு. அந்தப் பக்கம் தாழ்ப்பாள்.

குளிர் ஊருக்குக் கட்டுற மாதிரி வானத்துக்கும் பூமிக்குமாக் கட்டிட்டு, முதல் சித்திரையிலேயே வேர்த்து விறுவிறுத்துப் போயிருக்கும் மனுஷனுக்கு. கலர் கண்ணாடிக்குக் கீழே வரிசையா மரக்கதவு வெச்சுத் திறந்துவிட்டார். தெற்குப் பக்கத்துக் கதவெல்லாம் தோட்டத்தைப் பாத்தபடி இருக்கும். காத்து வரும். காத்தோட எல்லாமும் வரும். கூரை அவ்வளவு உசரமா, எந்தச் சத்தம் உள்ளே நுழைஞ்சாலும் மேலே போய் உருண்டுட்டுத்தான் கீழே இறங்கும். பாட்டுக்கு அது நல்லது. என் தலையெழுத்து, பாட்டு மட்டும் வரல.

சிரிப்பு வந்துது தம்பி.

பார்க்குல சிரிப்பு மன்றம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ரிட்டயர் ஆனவங்க, சர்க்கரை வியாதிக்காரங்க, டாக்டர் நடக்கச் சொன்னவங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை காலையில வட்டமா நின்னு கையைத் தூக்கிச் சிரிக்கிறது. ஒருத்தர் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லுவார். எல்லாரும் ஹா ஹா ஹா. சிரிக்கிறதுக்கு விஷயம் எதுவும் வேண்டாமாம், சும்மாவே சிரிக்கலாமாம். எனக்கு அதுவே பிடிக்கல. சரி, அது அவங்க பாடு.

எங்க ஆராதனையில பாவ அறிக்கைன்னு ஒரு இடம் வரும். எல்லாரும் முழங்கால் போடுவோம். நம்மை நாமே ஆராய்ந்து பார்ப்போம்னு ஐயர் சொல்லுவார். அப்புறம் கொஞ்ச நேரம் மௌனம். அவனவன் அந்த வாரம் பண்ணின தப்பை நினைச்சுக்கிற நேரம். ஃபேன் சத்தத்தைத் தவிர ஒண்ணும் இருக்காது. சரியா அந்த நேரம் பாத்து, மதிலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, ஹா ஹா ஹா.

ஒரு வாரம், ரெண்டு வாரம்னா பொறுத்துக்கலாம். வாராவாரம். பாடகர் குழுவுல சின்னப் பொண்ணுங்க தோளு குலுங்கும். ஒரு தடவை ஐயரே உதட்டைக் கடிச்சுக்கிட்டார், நான் பாத்தேன்.

கூட்டத்துச் சிரிப்பைக்கூட நான் விட்டிருப்பேன். கிளம்ப மாட்டேன்னு அடம் பிடிக்கிற பழைய பஸ் மாதிரி ஒண்ணா இழுத்து ஒண்ணா நின்னுடும். ஆனா ஒரு பொம்பளை இருந்தா பாருங்க. மத்தவங்க எல்லாம் முடிச்சப்புறம்தான் அவ ஆரம்பிப்பா. முதல்ல அடக்கி அடக்கி வரும். நின்னுடுச்சுன்னு நினைப்போம். மூச்சு வாங்கிட்டு மறுபடியும் ஏறும். ஏறி, ஏறி, அப்படியே உடைஞ்சு கொட்டும். கூரைக்குப் போய் உருண்டு நேரா பீடத்து மேலேயே இறங்கும். முழங்கால் போட்டபடி நான் பல்லைக் கடிச்சுக்குவேன். ஆராய்ஞ்சு பாக்க வேண்டிய நேரத்துல அந்தப் பொம்பளையைத் திட்டறதுதான் எனக்கு வேலையா இருந்துது.

வீட்டுக்குப் போய் மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிடுறப்போ என் சம்சாரத்துக்கிட்ட சொல்லுவேன். அவ பேரு ஹெப்சிபா. ஹெப்சின்னு கூப்பிடுவேன். அவ ரெண்டாவது ஆராதனைக்கு வர்றவ. முட்டி வலி, விடியக்காலையில எழுந்து கிளம்ப முடியலைன்னு ஒரு வருஷமா அப்படித்தான். நல்ல பொம்பளை தம்பி. அதிர்ந்து பேச மாட்டா. எங்க வீட்டுல சத்தமே இருக்காது, அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்லுவாங்க.

அவளுக்கு நான் நடிச்சே காட்டுவேன். அந்தப் பொம்பளை இப்படி ஆரம்பிப்பா, இப்படி மூச்சு வாங்குவா, இப்படி ஏறுவான்னு. "கொஞ்சங்கூட வெக்கம் இல்ல ஹெப்சி, வீட்டுல புருஷன்னு ஒருத்தன் இருக்கானோ இல்லியோ"ன்னு சொன்னேன். அவ சோறு போட்டுக்கிட்டே, "அவ்வளவு சத்தமாவா கேக்குது?"ன்னா.

"பீடம் வரைக்கும் கேக்குது."

"ஓ"ன்னா. குழம்பு ஊத்தினா. அடுத்த வாரம் பாத்தா அந்தச் சிரிப்பு இன்னும் ஜாஸ்தி.

நான் சும்மா இருக்கலை. ஒரு சாயங்காலம் பார்க்குக்குப் போய் அந்த மன்றத்துத் தலைவரைப் பாத்தேன். கஸ்தூரிரங்கன்னு பேரு, பேங்க் மேனேஜரா இருந்தவர், அரை டிராயர் போட்டுக்கிட்டு நீரூற்றுத் திட்டுல உக்காந்திருந்தார். மரியாதையாத்தான் பேசினார், அதை நான் மறுக்கல. ஆனா பேச்சு எப்படி? "சார், நீங்க அங்கே அழறீங்க, நாங்க இங்கே சிரிக்கிறோம், ரெண்டும் உடம்புக்கு நல்லதுதான்"னார். நாங்க அழல, அறிக்கை செய்யறோம்னு சொன்னேன். சரி, நீரூற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போயிடறோம்னார்.

"அதெல்லாம் வேண்டாம் சார். ஒரே ஒரு அம்மா, கடைசியில தனியாச் சிரிக்கிறாங்களே, அவங்களை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கச் சொல்லுங்க."

மனுஷன் முகமே மாறிடுச்சு. "அவங்களையா? அதை மட்டும் கேக்காதீங்க. எங்ககிட்ட அவங்க பேரு ஊரு எதுவும் சொன்னதில்ல. வருவாங்க, சிரிப்பாங்க, போயிடுவாங்க. நாங்க எல்லாம் டாக்டருக்காகச் சிரிக்கிறோம் சார். அவங்க நிஜமாவே சிரிக்கிறாங்க. அவங்க வந்தப்புறம்தான் எங்களுக்கும் நிஜமா வருது"ன்னார்.

தள்ளிப் போனாங்க. கூட்டத்துச் சத்தம் குறைஞ்சுது. அவ சத்தம் குறையல. அப்போ லெந்து நாட்கள், எங்களுக்கு உபவாச காலம். உபவாச காலத்துல இப்படின்னா எப்படின்னு கமிட்டியில கேட்டேன். ஐயருக்கு இஷ்டமில்ல, "விட்டுடுங்க சற்குணம்"னார். நான் விடல. எங்க சபையில ஒருத்தருக்குப் பார்க் ஆபீஸ்ல ஆள் தெரியும். ஞாயிறு காலையில ஆராதனை முடியற வரைக்கும் பார்க்கைப் பூட்டி வைக்கணும்னு மனு குடுத்தோம். குருத்தோலை ஞாயித்துலேர்ந்து பூட்டுன்னு உத்தரவு வந்துது. எல்லாரும் எனக்குக் கை குடுத்தாங்க. ஹெப்சிகிட்ட சொன்னேன். அவ துணி மடிச்சுக்கிட்டிருந்தா. "இனிமே திறக்கவே மாட்டாங்களா?"ன்னா. பத்து மணிக்குத் திறப்பாங்கன்னு சொன்னேன். சரின்னா.

இப்போ சொல்றேன் கேளுங்க, வயித்தெரிச்சலை. குருத்தோலை ஞாயிறுன்னா நாங்க கையில குருத்தோலை பிடிச்சு ஊர்வலம் வருவோம். அந்த ஊர்வலம் எங்கேர்ந்து கிளம்பும்? பெல்லாமி காலத்துலேர்ந்தே பார்க்குல அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியிலேர்ந்துதான். அங்கே ஜெபம் பண்ணி, ஓசன்னா பாடிக்கிட்டு, அந்தச் சின்னக் கதவு வழியா வளாகத்துக்குள்ள வந்து கோயிலுக்குள்ள நுழைவோம். எனக்கு ஞானஸ்நானம் குடுத்த காலத்துலேர்ந்து அப்படித்தான். இத்தனை பேர் கமிட்டியில உக்காந்திருந்தோம். ஐயர் உட்பட. ஒருத்தனுக்காவது ஞாபகம் வந்துதா? எங்க ஊர்வலத்துக்கு நாங்களே பூட்டுப் போட்டுட்டு, ஜெபம் பண்ணிட்டு, டீ குடிச்சிட்டு எழுந்து போயிட்டோம்.

காலையில எல்லாரும் வந்து இங்கே நிக்கிறாங்க, நீங்க ஆட்டினீங்களே இதே கேட். பாடகர் குழு வெள்ளை அங்கியில, பிள்ளைங்க குருத்தோலையில சிலுவை முடைஞ்சுக்கிட்டு. சாவி வாட்ச்மேன்கிட்ட. வாட்ச்மேன், இனிமே ஞாயிறு பத்து மணிக்கு வந்தாப் போதும்னு சனிக்கிழமையே ஊருக்குப் போயிட்டான். சின்னக் கதவுக்குத் தாழ்ப்பாள் அந்தப் பக்கம். ஐயர் என்னைப் பாக்கிறார், நான் பூட்டைப் பாக்கிறேன். பின்னால பால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். யாரோ சமயம் தெரியாம ஓசன்னாவை ஆரம்பிச்சாங்க, ரோட்டுல நின்னு பாடறோம், உள்ளே போக வழியில்ல.

அந்த நேரம் பாத்து சிரிப்பு மன்றத்துக்காரங்களும் வந்து சேர்ந்தாங்க. அவங்களுக்கு உத்தரவு விஷயமே தெரியாது. ட்ராக் பேண்ட்டும் குல்லாவுமா ஒரு பக்கம் அவங்க, அங்கியும் குருத்தோலையுமா ஒரு பக்கம் நாங்க. கஸ்தூரிரங்கன் பூட்டைப் பாத்தார், எங்களைப் பாத்தார், "சார், உங்களுக்குமா?"ன்னார். ஒருத்தரும் சிரிக்கல. சிரிக்கிற மன்றமே சிரிக்கல.

அப்போ கேட்டுது. அடக்கி அடக்கி ஆரம்பிச்சு, நின்னு, மூச்சு வாங்கி, ஏறி. இத்தனை நாள் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டது, இப்போ என் முதுகுக்குப் பின்னால. எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறிடுச்சு. அகப்பட்டாடான்னு விரலை நீட்டிக்கிட்டே திரும்பினேன்.

ஹெப்சி.

மதிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. பூட்டியிருக்கும்னு தெரிஞ்சும் கிளம்பி வந்திருக்கா, புடவைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. எப்போ வாங்கினா, எங்கே வெச்சிருந்தா, ஒண்ணும் தெரியாது. கண்ணுல தண்ணி வழியுது, வாய் திறந்திருக்கு, பின் பல்லு தெரியுது. நிஜமாச் சொல்றேன் தம்பி, எனக்கு முதல்ல யாரோன்னு இருந்துது. முப்பத்தாறு வருஷம் கூட இருந்த முகம். யாரு இந்த அம்மா, எங்கேயோ பாத்த மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். அப்புறம்தான் மண்டையில ஏறிச்சு.

அவ என் விரலைப் பாத்தா. அவ்வளவுதான், நின்னுடுச்சு. முந்தானையால வாயைத் துடைச்சுக்கிட்டு, கஸ்தூரிரங்கனைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு, வீட்டுப் பக்கம் நடந்தா. முட்டி வலி இருக்கிற நடையாவே தெரியல.

ரெண்டாவது ஆராதனைக்கு வழக்கம்போல வந்தா. வழக்கமான இடத்துல உக்காந்தா. மத்தியானம் குழம்பு ஊத்தினா. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னு கேட்டேன். "என்னன்னு சொல்றது?"ன்னா. நீங்களே சொல்லுங்க, கோவப்பட வேண்டியவன் யாரு? மாசக்கணக்கா முட்டி வலின்னு என்னை ஏமாத்தியிருக்கா. அவளைப் பத்தி அவகிட்டயே நடிச்சுக் காட்ட வெச்சிருக்கா. நான் கோவப்படல. ஒரு வார்த்தை திட்டல. கல்யாணமான புதுசுல ஒரு விருந்துல, எதுக்கோ இப்படித்தான் சிரிச்சா போல இருக்கு. எல்லாரும் பாக்குறாங்க, கொஞ்சம் மெதுவாச் சிரின்னு சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் காதோட காதாத்தான் சொன்னேன். அதைத் தவிர அவளை நான் எதுக்கும் கடிஞ்சதே கிடையாது.

அன்னிலேர்ந்து அவ சிரிக்கல. சண்டை இல்ல. பேச மாட்டேன்னு இல்ல. மாத்திரை எடுத்து வைக்கிறா, எண்ணெய் தேய்க்கட்டுமான்னு கேக்கிறா. மகன் வெளியூர்லேர்ந்து போன் பண்ணினா பேரப் பிள்ளைகிட்ட கொஞ்சறா. எல்லாம் சரியாத்தான் இருக்கு. அன்னிக்கு முன்னாடியும் வீட்டுல அவ சிரிச்சதில்லதான். அப்போ எனக்கு அது தெரியல. இப்போ ஒவ்வொரு வேளையும் தெரியுது.

நான் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். டிவியில காமெடி போட்டுவிட்டேன். வாயை மூடிக்கிட்டு முழுசாப் பாத்தா, முடிஞ்சதும் அணைச்சுட்டுப் படுத்துட்டா. ஒரு ஜோக்கை மனப்பாடம் பண்ணிட்டுப் போய்ச் சொன்னேன். "நல்லாருக்கு"ன்னா. மன்றத்துக்காரங்க இப்போ ஏரிக்கரைக்கு மாறிட்டாங்க, ஆட்டோவுல கொண்டு விடறேன், போறியான்னு கேட்டேன். "எதுக்குங்க, முட்டி வலிக்குது"ன்னா. இப்போ நிஜமாவே வலிக்குதோ என்னவோ.

அதான் இந்தப் பூட்டை எடுக்கணும்னு அலையறேன். பார்க் திறந்தா அவங்க இங்கேயே வருவாங்க, அவங்க வந்தா இவளும் எழுந்து வருவாளோன்னு. ஆபீஸ்ல என்ன சொல்றான்? நீங்கதானே சார் அமைதி வேணும்னு கேட்டீங்க, இப்போ அமைதி வேண்டாம்னு எப்படி எழுதிக் குடுப்பீங்கன்னு சிரிக்கிறான். கமிட்டியில சொன்னா, இப்போ நிம்மதியா இருக்கு, எதுக்குக் கிளறணும்ங்கிறாங்க. கஸ்தூரிரங்கன்கிட்ட போனேன். ஏரிக்கரையில காத்து நல்லா இருக்கு, ஆனா சிரிப்புத்தான் முன்ன மாதிரி இல்லைன்னார். என் மேல யாருக்கும் கோபமில்ல தம்பி, அதான் கஷ்டம். எல்லாருக்கும் இந்தப் பேச்சே அலுத்துப் போச்சு.

காலையில நீங்க ஆராதனையில இருந்திருக்கணும். ஐயர் ஆராய்ந்து பார்ப்போம்னார், எல்லாரும் முழங்கால் போட்டோம். எவ்வளவு அமைதி தெரியுமா? ஒரு குருவிச் சத்தம்கூட இல்ல. நான் கேட்டு வாங்கின அமைதி. எனக்குத் தாங்கல. என் பாவம் ஒண்ணுகூட ஞாபகம் வரமாட்டேங்குது. காது மட்டும் தெற்குப் பக்கமே நிக்குது. மத்தவங்க முடிச்சப்புறம் தனியா ஆரம்பிக்குமே, அது வருமா, இப்போ வருமான்னு. அவ்வளவு நாள் அதைக் கேட்டுப் பல்லைக் கடிச்சேனே, அது யாருதுன்னு தெரிஞ்சு ஒரு தடவைகூடக் கேக்கல தம்பி. ஒரே ஒரு தடவை கேக்கணும்.

மணி என்ன? ஜனங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க பத்து மணி வரைக்கும் இங்கேதானே இருப்பீங்க? எனக்கு ஒரு உதவி பண்ணுவீங்களா? தப்பா நினைக்கக் கூடாது.

அதோ, குடை பிடிச்சுக்கிட்டு, நீலப் புடவை. அவதான். வந்ததும் உங்களைப் பாத்து, சாப்பிட்டீங்களா தம்பின்னு கேப்பா, யாரைப் பாத்தாலும் கேப்பா. நீங்க ஏதாவது பேசிட்டிருங்க. சின்ன வயசு, உங்களுக்கு எவ்வளவோ தெரிஞ்சிருக்கும். ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வெச்சிடுங்க. நான் பக்கத்துல இருந்தா சிரிக்க மாட்டா. நான் உள்ளே போயிடறேன், தூணுக்குப் பின்னால நின்னுக்கறேன். நான் சொன்னதா சொல்லிடாதீங்க.

எதைச் சொன்னா சிரிப்பான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க தம்பி. எனக்குத் தெரியாது.